நஞ்சும் உயிரும்: மார்ட்டினஸ் பெய்யரிங்க் வாழ்வும் ஒரு சொல்லின் வரலாறும்



மொழியியல் பயின்ற நாம் ஒரு தாவரவியல் அறிஞரின் வாழ்க்கையைப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. அறிவியல் வகுப்பறையில் நாள்தோறும் ஒலிக்கும் ‘வைரஸ்’ என்னும் சொல் இன்றைய பொருளைப் பெற்றது, புகையிலைச் செடி ஒன்றின் நோயை ஆராய்ந்த ஒருவரின் கையில்தான். அவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த மார்ட்டினஸ் வில்லெம் பெய்யரிங்க். அவர் செய்த சோதனைகளைப் பாடநூல்கள் சில வரிகளில் கூறிவிடுகின்றன. அவர் எதிர்கொண்ட மொழிச் சிக்கலையோ பெரும்பாலும் கூறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத, வகை அறியாத ஒரு பொருளுக்குப் பெயரிடுவது எவ்வாறு? இவ்வினா தமிழில் கலைச்சொல் ஆக்கும் நமக்கும் உரியது.

1. புகையிலை வணிகரின் மகன்

பெய்யரிங்க் 1851ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை புகையிலை வணிகர். வணிகம் நொடித்துப்போனதால் குடும்பம் ஊர் மாற நேர்ந்தது. தந்தையின் தொழிலைக் கைவிட்டுப்போன அதே செடி, மகனின் பெயரை உலகறியச் செய்யும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

வளமற்ற குடும்பத்தில் வளர்ந்த இளைஞர் டெல்ஃப்ட் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் பயின்று 1872இல் தேறினார். அங்கே அவருடன் ஒரே விடுதியில் தங்கிப் பயின்றவர், பின்னாளில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற வான்ட் ஹாஃப். ஆயினும் பெய்யரிங்கின் நாட்டம் தாவரவியலில் நிலைத்தது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, தாவரங்களில் தோன்றும் கழலைகளைப் பற்றி ஆராய்ந்து 1877இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இக்கழலை யாதென நம் மக்கள் அறிவர். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காய் உண்மையில் காயன்று. கருவாலி மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடும் இடத்தில் மரம் தானே வளர்த்துத் தரும் வீக்கம் அது. மலாய் மக்கள் அதனை ‘மஞ்சகனி’ என்பர். குளவி கட்டியதன்று அவ்வீடு. குளவியின் தூண்டுதலுக்கு ஏற்ப மரமே கட்டிக்கொடுத்தது. வெளியிலிருந்து வரும் ஒன்று செடியின் வளர்ச்சியையே தன் வழிக்குத் திருப்பிக்கொள்வது எங்ஙனம் என்னும் வினா, இளம் பருவத்திலேயே பெய்யரிங்கின் நெஞ்சில் ஊன்றிவிட்டது. பிற்காலத்துப் புகையிலை ஆய்வை விளங்கிக்கொள்ள இது துணை செய்யும்.

2. வாகெனிங்கன் நகரில் தொடங்கிய வினா

1876இல் பெய்யரிங்க் வாகெனிங்கன் நகர வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். அதே ஊரில் அடோல்ஃப் மாயர் என்னும் செருமானிய அறிஞர் வேளாண் ஆய்வு நிலையத்தை நடத்திவந்தார். அக்காலத்து நெதர்லாந்துப் புகையிலைத் தோட்டங்களில் ஒரு நோய் பரவியிருந்தது. இலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் மாறிமாறித் திட்டுத்திட்டாகத் தோன்றும்; இலை சுருங்கும்; செடி குன்றும். உழவர்கள் 1879இல் மாயரிடம் முறையிட்டனர்.

மாயர் நோயுற்ற இலைகளை அரைத்துச் சாறெடுத்து, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழல்வழி நலமான செடிகளின் இலை நரம்புகளில் செலுத்தினார். பத்துச் செடிகளுக்கு ஒன்பது நோயுற்றன. ஆகவே இது தொற்றுநோய் என்பது தெளிவாயிற்று. மண்ணும் தட்பவெப்பமும் காரணமல்ல என்பதும் புலனாயிற்று. ஆயினும் தொற்றுவது எது என்பதை அவரால் காட்ட இயலவில்லை. பாக்டீரியாவாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதினார். 1886இல் வெளியிட்ட கட்டுரையில் இந்நோய்க்கு அவர் இட்ட பெயர் ‘மொசைக் நோய்’. பலநிறக் கற்களைப் பதித்துத் தளம் அமைக்கும் கலையிலிருந்து எடுத்த உவமைப் பெயர் அது.

தமிழ் வேளாண் வழக்கு இதே நோய்வகையை ‘தேமல் நோய்’ என்கிறது. உளுந்தில் வருவது மஞ்சள் தேமல். மரவள்ளியில் வருவது மரவள்ளித் தேமல். மாயர் மாளிகைத் தளத்தைப் பார்த்துப் பெயரிட்டார். தமிழரோ மனிதரின் தோலில் படரும் வெளிறிய திட்டைப் பார்த்துப் பெயரிட்டனர். செடிக்கும் மேனி உண்டு என்னும் கருத்து இச்சொல்லுக்குள் இருக்கிறது. பள்ளித் தோட்டத்தில் மிளகாயோ வெண்டையோ வளர்க்கும் மாணவர் இலைத் திட்டுகளைக் காணும்போது ‘தேமல்’ என்னும் சொல்லைக் கற்பித்தல் பயனுடையது.

மாயர் தம் சிக்கலை உடன்பணியாற்றிய பெய்யரிங்கிடம் கூறினார். பெய்யரிங்க் நுண்ணோக்கியில் நோக்கினார். பாக்டீரியா எதனையும் காணவில்லை. நுண்ணுயிர்களைத் தனித்து வளர்க்கும் பயிற்சி அப்போது தமக்குப் போதாதென உணர்ந்தவர் அவ்வினாவை ஒத்திவைத்தார்.

3. ஆலையும் ஆய்வுக்கூடமும்

1885இல் அவர் டெல்ஃப்டில் இருந்த நொதிமம், சாராய ஆலை ஒன்றில் நுண்ணுயிரியலாளராகச் சேர்ந்தார். ஆலை அவருக்கு ஆய்வுக்கூடமும் போதிய உரிமையும் வழங்கியது. 1888இல் அவரை: அவரை, பட்டாணி முதலிய பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைத் தனித்துப் பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் அந்நுண்ணுயிரை இன்று ‘ரைசோபியம்’ என்கிறோம். நிலத்தில் பயறு விதைத்தால் மண் வளம் பெறும் என்பதை உழவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதன் காரணத்தை விளக்குவதில் இவர் பணி ஒரு பெரும்படி.

1895இல் டெல்ஃப்ட் தொழில்நுட்பக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. மண்ணில் தனித்து வாழ்ந்து நைட்ரஜனை நிலைப்படுத்தும் ‘அசோட்டோபேக்டர்’ அவர் கண்டறிந்தது. பால் புளிக்கக் காரணமான பாக்டீரியாக்களை உள்ளடக்கிய ‘லாக்டோபேசில்லஸ்’ என்னும் பேரினப் பெயரும் 1901இல் அவர் இட்டதே. விரும்பும் நுண்ணுயிர் மட்டும் செழிக்கத்தக்க ஊட்டத்தையும் சூழலையும் அமைத்து, கலவையிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் செறிவூட்டு வளர்ப்பு முறையும் அவர் தந்த கொடையாகும்.

மனிதராக அவர் எளியவர் அல்லர். மாணவர்களிடம் கடுமை காட்டினார். பலர் அவரை அஞ்சினர். மணம் புரிந்துகொள்ளவில்லை. மணமாகாத சகோதரியர் இருவருடன் வாழ்ந்தார். அவர்களுள் என்ரியெட் என்பவர் சகோதரரின் விரிவுரைகளுக்கான தாவரப் படங்களைப் பெரிய அளவில் வரைந்து தந்தார். அறிவியல் வரலாற்றில் பெயர் சொல்லப்படாமல் நிற்கும் துணைக்கைகளுள் அவருடையதும் ஒன்று.

4. வடிகட்டியில் தங்காத ஒன்று

பேராசிரியரான பின்னர் பசுமைக்குடில் வசதியும் கிடைக்க, ஒத்திவைத்த வினாவை 1897இல் மீண்டும் எடுத்தார். பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாம்பர்லாண்ட் 1884இல் அமைத்த பீங்கான் வடிகட்டி அப்போது கைக்கு எட்டியிருந்தது. அதன் துளைகள் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும். பெய்யரிங்க் நோயுற்ற இலைச் சாற்றை அதில் வடித்தார். வடிந்த நீர் தெளிவாக இருந்தது. அதில் நுண்ணுயிர் எதுவும் வளரவில்லை. எனினும் அதனை ஏற்ற செடி நோயுற்றது.

இச்சோதனையை முதலில் செய்தவர் அவர் அல்லர். உருசிய நாட்டுத் திமித்ரி இவனோவ்ஸ்கி கிரீமியப் புகையிலையில் இதே விளைவைக் கண்டு, 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் அறிவித்திருந்தார். பெய்யரிங்க் அதனை அறியாமல் தம் ஆய்வை வெளியிட்டார். அறிந்தபின் 1899இல் இவனோவ்ஸ்கியின் முதன்மையை எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

ஒரே விளைவைக் கண்ட இருவரும் வெவ்வேறு முடிவுக்கு வந்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. வடிகட்டியில் குறை இருக்கலாம், அல்லது பாக்டீரியா வெளியிட்ட நஞ்சு சாற்றோடு வடிந்திருக்கலாம் என்று இவனோவ்ஸ்கி எண்ணினார். பாக்டீரியாவே காரணம் என்னும் கருத்தை 1903ஆம் ஆண்டு ஆய்வேட்டிலும் அவர் விடவில்லை. பெய்யரிங்க் அடுத்த கேள்விக்குச் சென்றார். வடிந்தது வெறும் நஞ்சாயின், ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்கும் அதிலிருந்து இன்னொன்றுக்கும் மாற்றும்போது நீர்த்துக்கொண்டே போக வேண்டும். நோயும் தணிய வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. சிறு துளி பல இலைகளை நோயுறச் செய்தது. அவற்றின் சாறு மேலும் பல செடிகளை நோயுறச் செய்தது. ஆகவே அது பெருகுகிறது. பெருகுவதாயின் அது நஞ்சு மட்டும் அன்று.

எங்கே பெருகுகிறது என்றும் அவர் ஆராய்ந்தார். வடித்த சாறு மூன்று மாதம் கிடந்தும் தொற்றும் ஆற்றலை இழக்கவில்லை. ஆனால் அச்சாற்றில் அது பெருகவும் இல்லை. செடிக்குள்ளும் முதிர்ந்த பகுதியில் பெருகவில்லை. உயிரணுக்கள் பிளந்து வளரும் இளம்பகுதியில் மட்டுமே பெருகியது. செடியின் உயிரணுவோடு ஒன்றி, அதன் வளர்ச்சிப் பணியில் தானும் கலந்துகொண்டு பெருகுவது அது என்று அவர் முடிவு செய்தார். மாசிக்காயின் வினா இங்கே வேறு உருவில் திரும்பி வந்திருப்பதைக் காணலாம்.

மற்றொரு சோதனை நம் நாட்டோடு சொல்லுறவு உடையது. கட்டியான அகர் படலத்தின்மீது நோய்ச்சாற்றை இட்டுச் சில நாள் விட்டார். பின்னர் மேற்பரப்பைக் கழுவி நீக்கி, அடியில் உள்ள படலத்தை எடுத்துச் செடியில் செலுத்தினார். செடி நோயுற்றது. சாறு அகருக்குள் ஊறிப் பரவியிருந்தது. துகளாயின் மேலேயே தங்கும். ஊறிச் சென்றமையால் அது நீர்மமே என்று அவர் கருதினார். ‘அகர்’ என்பது மலாய்ச் சொல். நம் இல்லங்களில் விழாநாளில் செய்யும் அகர் அகர் இனிப்பின் பெயரே உலக ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது. சாவகத்தில் வாழ்ந்த குடும்பத்தினர் வழி இதனை அறிந்த ஃபானி ஹெஸ்ஸ என்னும் பெண்மணி, செருமனியில் நுண்ணுயிர் ஆய்வாளரான தம் கணவருக்கு 1881இல் எடுத்துரைக்க, கோக்கின் ஆய்வுக்கூடத்தில் அது புகுந்தது.

1898இல் வெளியான கட்டுரையில் பெய்யரிங்க் இந்நோய்க்காரணிக்கு இட்ட பெயர் ‘கொண்டாகியம் வீவம் ஃப்ளூயிடம்’ என்னும் இலத்தீன் தொடர். ‘உயிருள்ள நீர்மத் தொற்று’ என்று தமிழில் கூறலாம். கட்டுரையின் ஓட்டத்தில் சுருக்கமாக ‘வைரஸ்’ என்றும் குறித்தார்.

5. சொல்லின் வழி

இலத்தீனில் ‘வீருஸ்’ என்பது நஞ்சு, பிசுபிசுத்த நீர் என்னும் பொருளது. வடமொழியில் ‘விஷ’ என்பதும் கிரேக்கத்தில் ‘இயோஸ்’ என்பதும் அதன் உடன்பிறப்புச் சொற்கள். இந்தோ-ஐரோப்பிய மூலம் ஒன்றிலிருந்து கிளைத்தவை. வடமொழிச் சொல் தமிழில் ‘விடம்’ என்றாயிற்று. எனவே ‘விடம்’ பண்டே தமிழுக்கு வந்த விருந்தாளி. ‘வைரஸ்’ அதன் தொலைதூர உறவு, நெடுங்காலம் கழித்து வேறு வாயில் வழியே வந்தது. ‘நஞ்சு’ என்பது தமிழின் சொந்தச் சொல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘வைரஸ்’ என்பது எந்த நோய்க்காரணிக்கும் உரிய பொதுச்சொல். பாஸ்டர் அதனை அவ்வாறே வழங்கினார். பெய்யரிங்கும், 1898இல் கால்நடைகளின் கோமாரி நோயில் இதே விளைவைக் கண்ட லோஃப்ளர், ஃப்ராஷ் ஆகியோரும் காட்டிய வேறுபாட்டால் ‘வடிகட்டியில் தங்காத வைரஸ்’ எனத் தனிவகை தோன்றியது. காலப்போக்கில் அடைமொழி உதிர்ந்தது. எஞ்சிய சொல் தன் பொதுப்பொருளை இழந்து சிறப்புப்பொருள் பெற்றது. இதனை மொழியியலில் பொருள் குறுக்கம் என்கிறோம். மானையும் பிற விலங்குகளையும் உணர்த்திய சொல் மானை மட்டும் உணர்த்துவதாதல் போன்ற நிகழ்வே இது.

இலக்கணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பண்டை இலத்தீனில் ‘வீருஸ்’ எண்ணப்படாத பெயர். நீர், நெய் என்பன போல. தமிழின் ‘நஞ்சு’ம் அத்தகையதே. ஒரு துளி நஞ்சு என்கிறோம். மூன்று நஞ்சு என்பதில்லை. நீர்மம் என்று கருதிய பெய்யரிங்கின் கொள்கைக்கு இச்சொல் முற்றும் பொருந்தியது.

கொள்கைதான் நிலைக்கவில்லை. 1935இல் அமெரிக்கரான வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1936இல் பாடன், பிரி முதலியோர் அதில் புரதத்துடன் ஆர்.என்.ஏ. உள்ளதைக் காட்டினர். 1939இல் மின்னணு நுண்ணோக்கி அதன் உருவத்தைக் காட்டியது. ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் விட்டமும் உடைய கோல்கள் அவை. நீர்மம் அன்று, துகள். அன்றுமுதல் ‘வைரஸ்’ எண்ணத்தக்க பெயராயிற்று. இம்மாற்றத்தைப் பெய்யரிங்க் காணவில்லை. 1921இல் ஓய்வுபெற்று கோர்செல் என்னும் சிற்றூரில் வாழ்ந்த அவர், 1931 சனவரி முதல் நாள் மறைந்தார்.

நீர்மம் என்றதில் அவர் கூற்று பிழைத்தது. உயிரணுவுக்குள் மட்டுமே, உயிரணுவின் பணியைப் பயன்படுத்தியே பெருகுகிறது என்றதில் அவர் கூற்று நின்றது. இவ்விரண்டில் பின்னதே ஆழமானது. துகள் என்பதை உறுதிசெய்யப் புதிய கருவி போதும். பாக்டீரியா அல்லாத ஒரு பெருகும் பொருள் இருக்கலாம் என்று எண்ணுவதற்கு, அக்காலத்தார் அனைவரும் ஏற்ற ஒரு வகைப்பாட்டை விட்டு வெளியே வரும் துணிவு வேண்டும்.

6. நம் கையில் உள்ள சொற்கள்

தமிழில் இப்பொருளுக்கு இன்று ‘வைரஸ்’, ‘நச்சுயிரி’, ‘தீநுண்மி’, ‘கிருமி’ எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ‘நச்சுயிரி’ நஞ்சையும் உயிரையும் இணைக்கிறது. உயிருள்ள தொற்று என்ற பெய்யரிங்கின் தொடரோடு அது மிக நெருங்கி நிற்பதும், ‘நச்சுயிரிகள்’ என எண்ணத்தக்கதாய் இருப்பதும் அதன் சிறப்பு. வைரஸ் உயிரா அன்றா என்னும் வாதம் முடியாதிருப்பதால் ‘உயிரி’ என்பதைச் சிலர் மறுப்பர். ‘தீநுண்மி’ உயிர் வாதத்தைத் தவிர்த்து நுண்மையைக் கூறுகிறது. ஆனால் எல்லா வைரசும் தீயவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்தில் பெருவிலைக்கு விற்ற கோடிட்ட துலிப் மலர்களின் அழகு, அசுவினிப் பூச்சி பரப்பிய வைரஸால் விளைந்தது என்பதைப் பிற்காலத்தார் கண்டறிந்தனர்.

எந்தச் சொல்லும் பொருளின் முழு இலக்கணம் ஆகாது. ஆதலின் ‘நச்சுயிரி’, ‘தீநுண்மி’ ஆகியவற்றுள் எதனை எடுத்தாலும் பெரும் கேடில்லை. நாம் கவலையோடு நோக்குவது ‘கிருமி’ என்னும் சொல்லை. வடமொழியில் புழு எனப் பொருள்பட்ட இச்சொல், இன்று சிங்கப்பூர், மலேசிய ஏடுகளில் ‘கிருமித்தொற்று’ என மிக இயல்பாக வழங்குகிறது. எளிமையான சொல், மக்கள் நாவில் உள்ள சொல், செய்திக்கு அது போதும். வகுப்பறைக்குப் போதாது. பாக்டீரியாவும் கிருமி, வைரசும் கிருமி என்றால், பெய்யரிங்க் பாடுபட்டுப் பிரித்த இரண்டை நாம் மீண்டும் ஒன்றாக்குகிறோம்.

இதன் விளைவு சொல்லோடு நிற்பதில்லை. பாக்டீரியாவை அழிக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தைக் ‘கிருமிக்கொல்லி’ என்று தமிழில் கூறுவோர் உளர். சளிக்காய்ச்சலும் கிருமியால் வந்தது, மருந்தோ கிருமிக்கொல்லி, எனவே அதனை உட்கொண்டால் நோய் தீரும் என்று ஒருவர் எண்ணினால், தமிழறிந்தவர் என்ற முறையில் அவர் தவறவில்லை, சொற்களே அவரை அங்கே இட்டுச்சென்றன. வைரஸ் நோய்க்கு அம்மருந்து பயன்படாது. தேவையின்றி உட்கொள்வதால் அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. கலைச்சொல்லின் தெளிவு உடல்நலத்தோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

ஆகவே ஆசிரியர்க்கு நாம் முன்வைப்பது இது. ‘கிருமி’யைப் பொதுச்சொல்லாகவே வைத்துக்கொள்க. அதன்கீழ் பாக்டீரியாவுக்கு ஒரு சொல், வைரசுக்கு ஒரு சொல் எனப் பிரித்து, பாடம் முழுவதும் மாறாமல் வழங்குக. ஆன்டிபயாட்டிக் மருந்தைப் ‘பாக்டீரியாக்கொல்லி’ என்றே கூறுக. சொல்லைக் கற்பிக்கும் நாளில், நோயுற்ற சாற்றை வடித்த பெய்யரிங்கின் சோதனையையும் கரும்பலகையில் வரைந்து, ‘வடிந்தது நஞ்சா, உயிரா, எவ்வாறு அறிவீர்?’ என மாணவரிடம் வினவுக. அவர்கள் தரும் விடைகளுள் சில இவனோவ்ஸ்கியின் விடையாக இருக்கும். சில பெய்யரிங்கின் விடையாக இருக்கும். இரண்டுக்கும் காரணம் கேட்டு, அதன் பின்னரே நச்சுயிரி என்னும் சொல்லைப் பலகையில் எழுதுக.